லைன் லெவல் கிராஸோவர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பேஸை வூஃபருக்கும் உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் கிராஸோவர். இங்கே பேசப்போவது ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால், சிக்னல் பாதையில் உட்காரும் கிராஸோவரைப் பற்றி. ஸ்பீக்கர் பெட்டிக்குள் காயிலும் பெரிய கெப்பாசிட்டருமாக இருப்பது வேறு சங்கதி. முன்னால் உட்காருவதிலும் இரண்டு வகை உண்டு. சில ரெசிஸ்டர்களையும் கெப்பாசிட்டர்களையும் மட்டும் வைத்து முடிப்பது பாசிவ். 4558, டிஎல்072, 5532 போன்ற ஐசியும் அதற்கென்று தனி பவர் சப்ளையும் கொண்டது ஆக்டிவ். எதை வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம், இப்போது இருப்பதில் என்ன கோளாறு என்றுதான் நான் முதலில் கேட்பேன். பலருக்கு வகையை மாற்றவே வேண்டியிருக்காது. ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் போதும். சிலருக்குப் பாசிவை எத்தனை முறை திருத்தினாலும் சரிவராது. யார் எந்தப் பக்கம் என்பதை அறிகுறியே சொல்லிவிடும்.

## முதல் வேலை: கிராஸோவரைக் கழற்றிப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் சாலிடரிங் அயர்னைக் கையில் எடுக்க வேண்டாம். ட்வீட்டரின் வயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கிராஸோவரைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, பாட்டு வரும் கருவியை நேராக ஆம்ப்ளிஃபையரிலும், ஆம்ப்ளிஃபையரை வூஃபரிலும் இணைத்துக் குறைந்த ஒலியில் கேளுங்கள். கோளாறு அப்படியே இருந்தால் கிராஸோவர் நிரபராதி. கேபிள், ஆர்சிஏ சாக்கெட், ஆம்ப்ளிஃபையர் என்ற வரிசையில் தேடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால் இன்னும் எளிது. கிராஸோவரிலிருந்து வெளியே வரும் இடது, வலது கேபிள்களை இடம் மாற்றிச் செருகுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் குற்றம் கிராஸோவரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபையரையோ ஸ்பீக்கரையோ பாருங்கள்.

மீட்டர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லாக் கடையிலும் கிடைக்கும் மஞ்சள் நிற மலிவு மல்ட்டிமீட்டரில் ஏசிக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்று இரண்டே அளவுகள்தான். லைன் லெவல் சிக்னல் ஒரு வோல்ட்டைச் சுற்றியே இருக்கும். அந்த மீட்டர் காட்டும் எண்ணை நம்பி எதையும் மாற்றாதீர்கள். ஏசி 2 வோல்ட் அளவு உள்ள மீட்டர் வேண்டும்.

## அறிகுறி: வால்யூமைத் திருப்பினால் தொனியே மாறுகிறது

பாசிவ் கிராஸோவர் பற்றி அதிகம் வரும் புகார் இதுதான். மெதுவாக வைத்தால் குரல் நிறைவாக இருக்கிறது, ஏற்றினால் மெலிந்து தகரம்போல் ஆகிறது என்பார்கள். பாசிவ் கிராஸோவருக்குச் சொந்தமாக ஓர் அதிர்வெண் கிடையாது. முன்னால் இருப்பதன் அவுட்புட் இம்பீடன்ஸும் (சிக்னலுக்கு அது காட்டும் தடை) பின்னால் இருப்பதன் இன்புட் இம்பீடன்ஸும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

வால்யூம் ஆம்ப்ளிஃபையர் போர்டிலேயே இருந்தால்

டிபிஏ 3116 ஐசி உள்ள போர்டையே எடுத்துக்கொள்வோம். அந்த ஐசியின் இன்புட் இம்பீடன்ஸ் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவைப் பொறுத்தது: 20 டெசிபலில் 60 கிலோ ஓம், 26இல் 30, 32இல் 15, 36இல் வெறும் 9. போர்டின் முகப்பில் 50 கிலோ ஓம் வால்யூம் இருக்கிறது, கெயின் 32 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பெட்டிகளுக்குக் கனத்த பேஸ் போகாமல் தடுக்க 0.033 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டரைத் தொடரில் போட்டிருக்கிறீர்கள். வால்யூம் அடியில் இருக்கும்போது கெப்பாசிட்டர் பார்ப்பது 50 கிலோ ஓம். வெட்டு, அதாவது ஒலி சரியத் தொடங்கும் இடம், 96 ஹெர்ட்ஸில் விழுகிறது. முழுக்க ஏற்றினால் 50ம் 15ம் இணையாகச் சேர்ந்து 11.5 கிலோ ஓம் ஆகிவிடும். வெட்டு 418 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேயே போய்விட்டது.

செலவில்லாத வழி: போர்டின் வால்யூமை முழுக்கத் திருப்பி அப்படியே விட்டுவிட்டு, ஒலியைப் பாட்டு வரும் கருவியில் கட்டுப்படுத்துங்கள். கெப்பாசிட்டரை 0.15 மைக்ரோ ஃபேரட்டாக மாற்றினால் வெட்டு 92 ஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கும்.

போர்டின் வால்யூம் கட்டாயம் வேண்டும் என்றால், கெப்பாசிட்டருக்குப் பின்னால் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, கெப்பாசிட்டரை 0.33 மைக்ரோ ஃபேரட் ஆக்குங்கள். இப்போது வால்யூமை எங்கே வைத்தாலும் வெட்டு 112க்கும் 144க்கும் இடையில்தான் அலையும். காதுக்கு அது பெரிய விஷயமில்லை.

வால்யூம் கிராஸோவருக்கு முன்னால் இருந்தால்

வெறும் வால்யூம் கண்ட்ரோலை ஒரு டப்பாவில் போட்டு ப்ரீஆம்ப் என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. 50 கிலோ ஓம் வால்யூமின் அவுட்புட் இம்பீடன்ஸ் நடுவில் 12.5 கிலோ ஓம் வரை ஏறும். அதற்குப் பின்னால் 4.7 கிலோ ஓம் கொண்ட லோ பாஸ் (பேஸை மட்டும் விடும் ஃபில்டர்) இருந்தால், கணக்குப் போட்ட அதிர்வெண் ஏறத்தாழ கால் பங்குக்கு விழுந்துவிடலாம். 10 கிலோ ஓம் வால்யூமாக மாற்றினால் இந்த உச்சம் 2.5 கிலோ ஓமோடு நிற்கும், பாதிப் பிரச்சினை தீரும். மீதியும் தீர வேண்டும் என்றால் முன்னால் இருப்பதன் இம்பீடன்ஸ் பின்னால் எட்டாமல் பிரித்து வைக்கும் பஃபர் ஐசி ஒன்றை நடுவே வைக்க வேண்டும். ஐசி, பவர் சப்ளை என்று அவ்வளவு தூரம் வந்துவிட்டால், ஆக்டிவ் கிராஸோவரையே வைத்துவிடுவது மேல்.

இன்புட் இம்பீடன்ஸ் தெரியாவிட்டால்

போர்டு விற்றவருக்கும் பெரும்பாலும் தெரியாது. அளந்துகொள்ளலாம். கைப்பேசியில் 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓட்டி, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்டில் ஏசி வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிக்னல் பாதையில் தொடராக 100 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலின் இரண்டு கால்களை இணைத்து, அவுட்புட் பாதியாகும் வரை திருப்புங்கள். அதைக் கழற்றி ஓம் மீட்டரில் வைத்தால் வருவதுதான் உங்கள் இன்புட் இம்பீடன்ஸ்.

## அறிகுறி: சப்வூஃபர் சேர்த்த பிறகு ஸ்டீரியோ போய்விட்டது

இதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். இடது, வலது இரண்டையும் ஒய் கேபிள் போட்டு ஒன்றாக முடிந்து சப்வூஃபருக்குக் கொடுத்திருப்பார்கள். முடிச்சு விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் பெரிய பெட்டிகளுக்கும் மோனோதான் போகும். பாட்டுக் கருவியின் இரண்டு அவுட்புட்டுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே பாசிவ்தான் அழகான தீர்வு. இடதிலிருந்து ஒரு 4.7 கிலோ ஓம், வலதிலிருந்து ஒரு 4.7 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 0.82 மைக்ரோ ஃபேரட். சப்வூஃபர் ஆம்ப்ளிஃபையரின் இன்புட் 10 கிலோ ஓம் என்றால் வெட்டு 102 ஹெர்ட்ஸில் வரும். ஒலி இழப்பு 2 டெசிபலுக்குள். சேர்க்கும் வேலை, வெட்டும் வேலை இரண்டும் மூன்று உதிரிப் பாகங்களில் முடிந்துவிடும். இதற்காக ஆக்டிவ் போர்டு வாங்கச் சொன்னால் யாரும் கேட்க வேண்டாம்.

## அறிகுறி: எல்லாமே அமுங்கி ஒலிக்கிறது, வால்யூம் போதவில்லை

முதலில் ரெசிஸ்டர் மதிப்பைப் பாருங்கள். தொடரில் 10 கிலோ ஓம் போட்டு, 10 கிலோ ஓம் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால் 6 டெசிபல் அங்கேயே போய்விட்டது. அதை 2.2 கிலோ ஓம் ஆக்கினால் இழப்பு 1.7 டெசிபல்தான். ரெசிஸ்டரைக் குறைக்கும்போது, ஆம்ப்ளிஃபையர் இன்புட்டையும் இணையாகச் சேர்த்துக் கணக்கிட்டு, கெப்பாசிட்டரைக் கூட்ட மறக்காதீர்கள்.

அடுத்தது கெப்பாசிட்டரின் மேல் எழுதியிருக்கும் எண். 104 என்றால் 0.1 மைக்ரோ ஃபேரட், 103 என்றால் 0.01. கடையில் இரண்டும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும். ஓர் எண் மாறினால் வெட்டு பத்து மடங்கு தள்ளிப்போகும்.

இவை சரியாக இருந்தும் அமுங்கினால், ஒரு படி ஃபில்டருக்குப் பின்னால் இன்னொன்றைக் கோத்து 12 டெசிபல் சரிவுக்கு (வெட்டைத் தாண்டி அதிர்வெண் இரு மடங்கு தள்ளிப்போகும்போதெல்லாம் 12 டெசிபல் குறைவதற்கு) முயன்றிருப்பீர்கள். பாசிவில் ஒரே மதிப்பை இருமுறை கோத்தால் இரண்டாவது முதலாவதைப் பிடித்து இழுக்கும். முனை மழுங்கி, வெட்டும் இடத்துக்கு முன்பிருந்தே ஒலி சரியத் தொடங்கும். இரண்டாவது படியின் இம்பீடன்ஸைப் பத்து மடங்கு ஏற்றினால் ஓரளவு தேறும். ஆனால் முதல் படி 2.2 கிலோ ஓம் என்றால் இரண்டாவது 22, ஆம்ப்ளிஃபையர் இன்புட் 200க்கு மேல் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆம்ப்ளிஃபையர் உங்கள் வீட்டில் இருக்காது. ஆகவே என் கணக்கில் 6 டெசிபல் சரிவோடு பாசிவின் எல்லை முடிந்தது. அதற்கு மேல் செங்குத்தாக வெட்ட வேண்டும் என்றால் ஆக்டிவ்தான்.

## அறிகுறி: ஹம்

காதை வைத்துக் கேளுங்கள். அடித்தொண்டையில் வழவழப்பாக ஓடினால் 50 ஹெர்ட்ஸ். கரகரவென்று முள்ளோடு வந்தால் 100 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் ஊர் வேறு.

வழவழப்பான 50 ஹெர்ட்ஸ், கையைக் கொண்டுபோனால் கூடுகிறது

பாசிவ் கிராஸோவரை ஒரு துண்டு போர்டில் சாலிடர் செய்து திறந்தபடி விட்டவர்களுக்கு இது வரும். கெப்பாசிட்டரின் பக்கம் விரலை ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்ல நகர்த்துங்கள். தொடுவதற்கு முன்பே ஹம் பெருத்துவரும். அதை உலோகப் பெட்டியில் போட்டு, பெட்டியை சிக்னல் கிரவுண்டோடு ஒரே இடத்தில் இணையுங்கள். வைக்கும் இடமும் முக்கியம்: பாட்டுக் கருவியின் பக்கம் அல்ல, ஆம்ப்ளிஃபையர் சாக்கெட்டின் பக்கத்தில். கிராஸோவருக்குப் பின்னால் மூன்று மீட்டர் கேபிள் ஓடினால் ஹம்மும் ஏறும், கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் உச்ச ஒலியையும் கொஞ்சம் தின்னும்.

50 ஹெர்ட்ஸ், கையால் மாற்றமில்லை

கிரவுண்ட் லூப். கணினியிலிருந்து பாட்டு வந்தால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் உறுதி. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லைன் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை சிக்னல் பாதையில் வையுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். ஹம் நிற்கும்; ஆனால் உள்ளே ஒரு வயர் உரசினால் உலோகப் பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறும்.

கரகரப்பான 100 ஹெர்ட்ஸ்

ஆக்டிவ் கிராஸோவரின் பவர் சப்ளை. முதலில் ஃபில்டர் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மாலையில் மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரோடு 7815, 7915 ரெகுலேட்டர்களைப் போட்ட போர்டுகள் எக்கச்சக்கம். 230 வோல்ட் வரும்போதே ரெக்டிஃபையருக்குப் பின்னால் சுமார் 16 வோல்ட்தான் நிற்கும். 7815க்கு 17 வோல்ட்டாவது வேண்டும். மாலையில் லைன் 200க்கு இறங்கினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், கரகரப்பு நேராக ஒலிக்குள் வரும். 7812, 7912 ஆக மாற்றுங்கள், அல்லது டிரான்ஸ்ஃபார்மரை 15-0-15 ஆக்குங்கள். மாற்றும்போது கால் வரிசையைப் பாருங்கள்: 78 வரிசையில் இன்புட், கிரவுண்ட், அவுட்புட், 79 வரிசையில் கிரவுண்ட், இன்புட், அவுட்புட். ஒன்றைப்போலவே மற்றதையும் இணைத்துப் புகை வரவழைத்தவர்கள் நிறைய.

## அறிகுறி: பாட்டு இல்லாதபோது இஸ்ஸ் என்ற இரைச்சல்

இது ஆக்டிவுக்கே உரியது. கிராஸோவரில் லெவலைக் குறைத்து ஆம்ப்ளிஃபையரில் ஏற்றி வைத்திருந்தால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். தலைகீழாக்குங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால்தான் ஐசியைத் தொட வேண்டும். 4558ஐ எடுத்துவிட்டு 5532 போடலாம், கால்கள் ஒத்துப்போகும். ஆனால் 5532 ஒன்று 8 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுக்கும், 4558ஐப் போல இரு மடங்குக்கு மேல். ஒரு ரெசிஸ்டரையும் ஜீனர் டையோடையும் வைத்துச் சப்ளை கொடுக்கும் மலிவு போர்டில் மூன்று ஐசிகளையும் மாற்றினால் சப்ளை தொய்ந்துவிடும். இரைச்சல் போய் உடைசல் வரும். மாற்றிய பின் 4, 8ஆம் கால்களில் சப்ளை வோல்ட்டை அளந்து பாருங்கள். ஒவ்வொரு ஐசியின் அருகிலும் இவ்விரண்டு கால்களுக்கு நடுவே 0.1 மைக்ரோ ஃபேரட் ஒன்றும் இருக்கட்டும்; அது இல்லாமல் 5532 காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஊசலாடி, சும்மா இருக்கும்போதே சூடாகும்.

## அறிகுறி: குரல் குழிந்து ஒலிக்கிறது, நடுவில் ஓட்டை

பழைய பெட்டியை அப்படியே பயன்படுத்தினால்

பின்புறம் நான்கு டெர்மினல் இருந்தாலும் உள்ளே இருக்கும் கிராஸோவர் அங்கேயேதான் இருக்கிறது. வெளியே ஒருமுறை வெட்டி, உள்ளே மறுமுறை வெட்டினால் நடுவில் ஓட்டை விழத்தான் செய்யும். உள்ளே இருப்பதை எடுத்தால் ஓட்டை போகும்; ஆனால் ட்வீட்டரின் லெவலைக் குறைத்து வைத்த ரெசிஸ்டரும், தொனியைத் திருத்திய மற்ற பாகங்களும் சேர்ந்து போய்விடும். அந்த வேலையை எல்லாம் இனி நீங்கள் செய்ய வேண்டும். நன்றாக ஒலிக்கும் தொழிற்சாலைப் பெட்டியை இதற்காகத் திறக்காதீர்கள் என்பதே என் எண்ணம்.

டெர்மினல்களை இணைக்கும் பித்தளைத் தகட்டையும் பாருங்கள். அதை எடுக்காமல் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை இணைத்தால், இரண்டின் அவுட்புட்டுகளும் ஷார்ட்டாகி ஒன்றையொன்று எரிக்கும்.

சொந்தமாகச் செய்த பெட்டியானால்

போலாரிட்டிதான், அதாவது பிளஸ், மைனஸ் மாறியிருப்பதுதான் முதல் சந்தேகம். கிராஸோவர் அதிர்வெண்ணிலேயே ஒரு டோனை ஓட்டி, ஆம்ப்ளிஃபையரை அணைத்து ட்வீட்டரின் இரு வயர்களையும் மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். எந்த இணைப்பில் ஒலி அதிகமோ அதுவே சரி. 12 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி ஃபில்டரில் ட்வீட்டரைத் தலைகீழாக இணைக்க வேண்டும். 24 டெசிபலில் நேராக. சிக்ஃப்ரிட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் உருவாக்கி, லிங்க்விட்ஸ் 1976இல் வெளியிட்ட அமைப்பு இது. இன்று கடையில் கிடைக்கும் ஆக்டிவ் கிராஸோவர்களில் பல இதையே பின்பற்றுகின்றன.

இரண்டு இணைப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஒலித்தால், ட்வீட்டரும் வூஃபரும் நேரத்தில் ஒத்துப்போகவில்லை. 2500 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 13.7 சென்டிமீட்டர். வூஃபரின் கூம்பு ட்வீட்டரைவிட 3 சென்டிமீட்டர் பின்னால் இருந்தாலே கால் சுற்றுக்கு நெருங்கிய பிசகு. பாசிவில் இதைச் சரிசெய்ய வழி கிடையாது. சாதாரண ஆக்டிவ் போர்டிலும் கிடையாது. ட்வீட்டரைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்துங்கள், இல்லையேல் தாமதம் கொடுக்கக்கூடிய டிஎஸ்பி (சிக்னலை டிஜிட்டலாகக் கையாளும்) கிராஸோவருக்குப் போங்கள். ஏடிஏயு 1701 ஐசி உள்ள சிறு போர்டே போதும். ஆனால் அளக்கும் மைக் இல்லாமல் அதை வாங்கினால் வெறும் குழப்பம்தான் மிஞ்சும்.

## அறிகுறி: ஆன் செய்தால் டொப், அல்லது ட்வீட்டர் அடிக்கடி போகிறது

பாசிவோ ஆக்டிவோ, லைன் லெவலில் வெட்டினால் ட்வீட்டர் ஆம்ப்ளிஃபையரோடு நேரடியாக இணைந்திருக்கும். நடுவில் காவலுக்கு ஆள் இல்லை.

முதலில் வரிசை. கிராஸோவரை முதலில் ஆன் செய்யுங்கள், ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில். இதிலேயே டொப் நின்றுவிடலாம்.

அடுத்து, ட்வீட்டரோடு தொடரில் 33 மைக்ரோ ஃபேரட் பைபோலார் கெப்பாசிட்டர் ஒன்று. 8 ஓம் ட்வீட்டரில் அது 600 ஹெர்ட்ஸில்தான் வெட்டும். 2500, 3000 ஹெர்ட்ஸில் நீங்கள் வைத்த வெட்டை அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது, டிசியை முழுக்க நிறுத்தும்.

பிறகு டிசி அளவு. ட்வீட்டரைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்டில் அளந்தால் 50 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். டிபிஏ 3116 போன்ற போர்டுகளில் இரண்டு ஸ்பீக்கர் முனைகளுக்கு இடையே அளக்க வேண்டும். கிரவுண்டிலிருந்து அளந்தால் சப்ளையின் பாதி காட்டும், அது கோளாறல்ல. அதே காரணத்தால் யுபிசி 1237 ஐசி உள்ள வழக்கமான ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டுகளை இவற்றோடு இணைக்கக் கூடாது. டிடிஏ 7294 போன்ற சாதாரண ஆம்ப்ளிஃபையர்களுக்கு அந்த போர்டு நல்ல முதலீடு.

புதிய கிராஸோவர் போர்டில் ஹை, லோ என்று அச்சடித்திருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஹை அவுட்புட்டில் பழைய வூஃபர் ஒன்றை வைத்து மெதுவாகக் கேளுங்கள். அதில் பேஸ் வந்தால் அச்சுதான் தவறு; அங்கே மாட்டாமல் விட்டதால் ட்வீட்டர் தப்பியது.

## எப்போது மெக்கானிக்கிடம் போவது

அவுட்புட்டில் டிசி 100 மில்லி வோல்ட்டைத் தாண்டினால், டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கத்தில் கை வைக்க வேண்டியிருந்தால், ஃபியூஸ் இரண்டாம் முறையும் போனால், பெட்டியைத் தொடும்போது சுருக்கென்றால், அங்கே நிறுத்திவிடுங்கள். கடைசியது வீட்டின் எர்த் பற்றியதாகவும் இருக்கலாம். அதற்கு ஆடியோ மெக்கானிக் அல்ல, எலக்ட்ரீஷியன்தான் ஆள்.

மெக்கானிக்கிடம் போகும்போது கிராஸோவரை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அவருடைய மேஜையில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்துத் தூக்கிப் போங்கள். ஒரு தாளில் பாட்டுக் கருவி எது, வால்யூம் எந்த இடத்தில் இருக்கிறது, நீங்கள் அளந்த இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு, எந்த அதிர்வெண்ணில் வெட்ட நினைத்தீர்கள் என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள்.